டேங்க் மூடியில் எழுதுங்கள்: சிறு எஞ்சின் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

புல்வெட்டி, செயின்சா, ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், மருந்து தெளிப்பான், படகு மோட்டார் என்று பெட்ரோலில் ஓடும் சின்ன எஞ்சின்களைச் செய்து விற்கும் எல்லா நிறுவனங்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த பெட்ரோலை ஊற்றி அப்படியே விட்டுவைத்தால் உங்கள் மெஷின்கள் தாங்காது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குச் சாட்சி நீங்களே அச்சடித்த கையேடுதான். பெரும்பாலான கையேடுகளில், எங்கோ நடுப்பக்கத்தில், எரிபொருள் என்ற தலைப்பின் கீழே, கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவில் இரண்டு மூன்று வரி இருக்கும்: 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்ததை ஊற்றாதே, பழைய பெட்ரோலை ஊற்றாதே, நாள்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய். அட்டைப்பெட்டியின் மேல் என்ன இருக்கும்? சுலபமாக ஸ்டார்ட் ஆகும் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த மூன்று வரியைப் பலர் முதல்முறையாகப் படிப்பது எப்போது தெரியுமா? வாரண்டி கேட்டுப் போய், 'இது எரிபொருளால் வந்த கோளாறு, வாரண்டியில் வராது' என்று கையை விரித்த பிறகுதான்.

நான் இந்த எஞ்சின்களைப் பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பவன். என் மேஜைக்கு வருவதில் பாதிக்கு மேல் எஞ்சின் கெட்டுப்போனதே கிடையாது. ஸ்பார்க் வரும், கம்ப்ரஷன் இருக்கும், பிஸ்டனில் ஒரு கீறல் இருக்காது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில், பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரைக் கழற்றினால் கதை தெரிந்துவிடும். அடியில் வெள்ளையாக, உப்புப் பூத்த மாதிரி ஒரு பொடி ஒட்டியிருக்கும்; அது துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பை ஈரம் அரித்ததால் வந்தது. அதன் மேல் மஞ்சளாக ஒரு பிசின், பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள பித்தளை ஜெட்டைச் சுற்றி மட்டும் லேசாகப் பச்சை ஓடியிருக்கும். பழைய வார்னிஷ் வாடை மூக்கில் ஏறும். மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்தப் பக்கம் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும், தெரியாது. ஸ்லோ ஜெட் இன்னும் மோசம், அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒரு துளி பிசின் காய்ந்தால் போதும், அடைத்துக்கொள்ளும். சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வியாதி இதுதான்.

எத்தனால் மேல் எனக்குக் காழ்ப்பு ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1925இலேயே ஹென்றி ஃபோர்டு அதை வருங்காலத்தின் எரிபொருள் என்றார். எஞ்சின் நாக் அடிப்பதை, அதாவது உள்ளே பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை, ஆல்கஹால் தடுக்கும் என்று அப்போதே தெரிந்திருந்தும், 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயக் கலவைதான் பெட்ரோலுக்குள் போனது. கார், பைக்குகளுக்கான அந்த ஈயப் பெட்ரோல் உலகத்தில் கடைசியாக ஒழிந்தது 2021இல், அல்ஜீரியாவில். நூறு வருடம் அதை மூச்சில் இழுத்ததற்கு எத்தனால் எவ்வளவோ மேல். பிரேசில் 1975 முதல் கரும்பு ஆல்கஹாலில் வண்டி ஓட்டுகிறது. கார்களுக்கு அது பெரிய தொல்லையும் இல்லை: புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, கலவை மாறினால் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். டேங்கும் ஒரு வாரம் பத்து நாளில் தீர்ந்து புதிது வந்துவிடும்.

உங்கள் எஞ்சினில் சென்சாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. இருப்பதெல்லாம் பித்தளையில் போட்ட ஒரு துளை. அந்தத் துளை எந்தப் பெட்ரோலுக்காகப் போடப்பட்டதோ அதற்குத்தான் சரியாக இருக்கும். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. 10 சதவீதக் கலவைக்கு அது ஏறக்குறைய 14.1, 20 சதவீதத்துக்கு 13.5 பக்கம். துளை மாறவில்லை, உள்ளே வரும் காற்றும் மாறவில்லை என்றால் என்ன ஆகும், எஞ்சின் பெட்ரோல் குறைந்த கலவையில், நாங்கள் லீன் என்று சொல்வோமே, அதில் ஓடும். கலவை மெலிந்தால் சூடு ஏறும். காற்றால் மட்டும் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், உள்ளே போகிற பெட்ரோலும் குளிர்விக்கும் வேலையில் ஒரு பங்கைப் பார்க்கிறது, ஆயிலையும் அதுதான் சுமந்து போகிறது. அங்கே கலவை மெலிவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஓக் ரிட்ஜ் ஆய்வகமும் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட அறிக்கையில் சிறு எஞ்சின்களை 10, 15, 20 சதவீதக் கலவைகளில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். எத்தனால் கூடக் கூடப் புகையின் சூடு கூடியது. அதைவிட முக்கியம், கையில் பிடித்து வேலை செய்யும் சில புல்வெட்டிகளில் ஐடிலிங் வேகம் தானாக ஏறி, கிளட்ச் பிடித்துக்கொண்டது. அதாவது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டீர்கள், மெஷின் சும்மா நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், வெட்டும் தலை சுற்றிக்கொண்டிருக்கிறது. இனி இதை வெறும் கார்புரேட்டர் சுத்தம் செய்யும் செலவு என்று ஒதுக்க முடியுமா? கால்விரல் சம்பந்தப்பட்டது.

அதனால்தான் அந்த நாட்டில் 15 சதவீதக் கலவைக்கு 2010, 2011 ஆண்டுகளில் அனுமதி கொடுத்தபோது 2001 மாடல் முதல் வந்த கார்களுக்கு மட்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள், படகு, புல்வெட்டி, செயின்சா எதிலும் ஊற்றக் கூடாது, ஊற்றினால் சட்டப்படி குற்றம், பம்பிலேயே ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். ஐரோப்பாவில் 2018 அக்டோபர் முதல் பம்பிலும், புதுக் கார், பைக்குகளின் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம் போட்டு அதற்குள் இ5, இ10 என்று (எத்தனால் 5, 10 சதவீதம் வரை என்று பொருள்) எழுத வேண்டும் என்று விதி. வட்டத்துக்குள் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும், அவ்வளவுதான், படிக்காதவரும் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பைக்குக்கு முடிகிறது. உங்கள் டேங்க் மூடிக்கு ஏன் முடியவில்லை? அந்த மூடியில் பெட்ரோல் பம்பு படம் போட இடம் இருக்கிறது, நெருப்பு படம் போட இடம் இருக்கிறது, கம்பெனி முத்திரைக்கு இடம் இருக்கிறது.

சரி, ஓடும்போது வரும் சிக்கலை விடுங்கள். நிற்கும்போது வருவதுதான் என் மேஜையை நிரப்புகிறது.

எத்தனால் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும், பெட்ரோலோடும் கலக்கும். 10 சதவீதக் கலவை ஒரு லிட்டரில், சாதாரணக் குளிரில், சுமார் 5 மில்லி தண்ணீர் வரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். ஒரு டீஸ்பூன். அதுவரை பிரச்சினை இல்லை, சொல்லப்போனால் டேங்கில் சேரும் கொஞ்சநஞ்ச ஈரத்தை அது கரைத்துக்கொண்டு போய் எரித்துவிடும், அது நல்லதுதான். அளவு மீறினால், அல்லது அளவு மீறாமலேயே ராத்திரி குளிர் இறங்கினால், தண்ணீரும் எத்தனாலின் பெரும்பகுதியும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்த் தனி அடுக்காகப் படுத்துவிடும். மேலே நிற்பது ஆக்டேன், அதாவது நாக் அடிக்காமல் தாங்கும் திறன், குறைந்த பெட்ரோல். கீழே நிற்பது தண்ணீர் கலந்த ஆல்கஹால். உங்கள் டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் முனை எங்கே கிடக்கிறது? அடியில். டூ-ஸ்ட்ரோக்காக இருந்தால் ஆயிலும் பெரும்பாலும் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். ஆக, கயிற்றை இழுத்ததும் எஞ்சினுக்குள் முதலில் போவது ஆயில் இல்லாத, தண்ணீர் கலந்த ஆல்கஹால். பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகாமல் இருந்தால் அது அதிர்ஷ்டம் என்றுதான் நான் சொல்வேன், ஆகிவிட்டால் பிஸ்டன் சூட்டில் இறுகிச் சீஸ் ஆக அதிக நேரம் எடுக்காது.

பிரிந்ததை எந்தப் பாட்டில் மருந்தும் திரும்பச் சேர்க்காது. ஸ்டெபிலைசர் என்று விற்பது ஆக்சிஜன் பட்டுப் பிசினாவதைத் தள்ளிப்போடும், அதுவும் புதுப் பெட்ரோலில் முதல் நாளே கலந்தால்தான். கெட்டுப்போனதில் ஊற்றினால் கெட்டுப்போன பெட்ரோலும் ஸ்டெபிலைசரும் இருக்கும், வேறொன்றும் நடக்காது. இதை நீங்களும் உங்கள் முத்திரை போட்ட பாட்டிலில் விற்கிறீர்கள். அந்தப் பாட்டிலின் மேல் இதையும் எழுதலாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நான் உங்களைக் கேட்பதில் நியாயம் இருக்காது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கெடும். பிசின் வருவதற்கு முக்கியக் காரணம் பெட்ரோலுக்குள்ளேயே இருக்கும் ஒலிஃபின் வகைகள் காற்றோடு சேர்ந்து திரிவது, அதற்கு எத்தனால் தேவையே இல்லை. எத்தனால் வருவதற்கு முந்தைய காலத்திலும் கார்புரேட்டர் அடைத்தது, மெக்கானிக்குகள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை. அதேபோல், எத்தனால் காற்றிலிருந்து தண்ணீரை நாலு நாளில் குடித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, அது மிகை. இறுக்கி மூடிய கேனில், நிறைய ஊற்றி வைத்தால், ஈரம் உள்ளே போக வழியே கிடையாது. காற்றுத் துளை வைத்த மூடி, பாதி காலியான டேங்க், பகல் சூடு இரவுக் குளிர் என்று மாறி மாறி வரும் கொட்டகை, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வேலை கெடும். ஆனால் அந்த மூன்றும் சேர்ந்திருப்பதுதான் சின்ன மெஷினின் வழக்கமான வாழ்க்கை! தினமும் எட்டு மணி நேரம் புல் வெட்டுகிறவரின் மெஷினுக்கு 10 சதவீதக் கலவையால் பெரிதாக எதுவும் ஆவதில்லை, அவர் டேங்கில் பெட்ரோலுக்குத் தங்க நேரமே இல்லை. மாட்டிக்கொள்வது அவசரத்துக்கு என்று ஜெனரேட்டர் வாங்கி வைத்திருப்பவர், புயலில் மரம் விழுந்தால் மட்டும் செயின்சாவை எடுப்பவர், பருவத்துக்கு ஒருமுறை பம்ப் ஓட்டுகிறவர். மெஷின் கட்டாயம் ஓடியே ஆக வேண்டிய அந்த ஒரு நாளில்தான் இவர்களுக்கு அது ஓடாது.

இந்த மாதிரி ஆட்களுக்கு எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதுதான் சரி. ஜெட்டும் கலவையும் பொருந்தும், ஈரத்தை இழுக்காது, அப்படியே தண்ணீர் புகுந்தாலும் எத்தனாலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு பிரியாது, ரப்பரும் அதிக நாள் வரும். கெட கொஞ்சம் கூடுதல் காலமும் எடுக்கும். இதை எத்தனை கையேடுகளில் நீங்கள் இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்கள்?

நீங்கள் வாயைத் திறக்காததால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் செய்கிறார்கள். கேனில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, எத்தனாலைத் தண்ணீரோடு அடியில் இறக்கி, மேலே நிற்பதை வடித்து ஊற்றுகிறார்கள். பார்க்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். ஆனால் சுத்திகரிப்பு ஆலையில் எத்தனால் வந்து ஆக்டேனைத் தூக்கும் என்ற கணக்கில்தான் அடிப்படைப் பெட்ரோலையே ஆக்டேன் குறைவாகச் செய்கிறார்கள். எத்தனாலைக் கழுவிவிட்டால் கையில் நிற்பது அந்தக் குறைந்த சரக்கு, அதுவும் ஈரத்தோடு. நாக் அடித்துப் பிஸ்டனில் ஓட்டை விழுந்தால் அதற்கும் பழி மெஷின்மேல்தான். திறந்த கேனில் பெட்ரோல் குலுக்குவதில் இருக்கும் நெருப்பு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கழுவின தண்ணீரை எங்கே கொட்டுகிறார்கள் என்றும் நான் கேட்பதில்லை, பதில் தெரியும்.

இதே தண்ணீர் விஷயத்தைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்தினால் நல்லது, அதை நீங்களே கையேட்டில் படம் போட்டுக் காட்டலாம். 100 மில்லி அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாய், அதில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். வெளியே, காற்றோட்டத்தில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் செய்ய வேண்டும். மூடிக் குலுக்கி ஐந்து பத்து நிமிடம் நிற்க விட வேண்டும். அடியில் தண்ணீர்க் கோடு 10லேயே நின்றால் எத்தனால் இல்லை. 18, 19க்கு ஏறியிருந்தால் 10 சதவீதம் பக்கம் இருக்கிறது. இன்னும் மேலே போயிருந்தால் உங்கள் மெஷினில் ஊற்றாமல் அப்படியே எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். பெரிய விஞ்ஞானம் இல்லை, சின்ன விமானம் ஓட்டுகிறவர்களில் கார் பெட்ரோல் ஊற்றுகிறவர்கள் இந்தச் சோதனையைத்தான் செய்கிறார்கள்.

விமானம் என்றதும் ஞாபகம் வருகிறது, விமானப் பெட்ரோலைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எத்தனால் கிடையாது, கெடவும் கெடாது என்று. 100எல்எல் என்ற அந்தப் பெட்ரோலில் ஒரு லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். செயின்சாவின் புகை ஓட்டுகிறவரின் முகத்துக்கு அரை மீட்டர் தூரத்தில் வருகிறது. அதை எந்த மெக்கானிக்கும் சிபாரிசு செய்யக் கூடாது, நீங்கள் ஒரு வரி எழுதினால் நிறையப் பேர் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்குப் பெரிய ஆதாரம் உங்கள் கடையிலேயே தகர டப்பாவில் இருக்கிறது. அல்கைலேட் பெட்ரோல். ஐசோபியூட்டேனையும் சில லேசான வாயுக்களையும் அமிலத்தின் உதவியோடு இணைத்துச் செய்வது. எத்தனால் இல்லை, ஒலிஃபின் இல்லை, பென்சீன் இல்லையென்றே சொல்லலாம், மூடி வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. ஸ்வீடனில் காட்டில் நாள் முழுவதும் செயின்சா பிடிக்கிற தொழிலாளர்கள் புகையால் தலைவலி, குமட்டல் என்று தவித்ததைப் பார்த்து, 1988இல் ஆஸ்பென் என்ற பெயரில் இது சந்தைக்கு வந்தது. அப்புறம் ஸ்டில் மோட்டோமிக்ஸ் என்று ஒன்று, ஹஸ்க்வர்னா எக்ஸ்பி பவர் என்று ஒன்று, ஆயிலும் கலந்து தயாராகவே கிடைக்கிறது. பழைய பாணி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஊற்றுவதில் ஏறக்குறைய கால் பங்கு எரியாமலேயே புகைக்குழாய் வழியாக வெளியே வந்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தொழிலாளர்களின் தலைவலி புரியும். அருமையான சரக்கு, நான் மறுக்கவில்லை. விலைதான் சாதாரணப் பெட்ரோலைப் போலப் பல மடங்கு. ஆக, எந்தப் பெட்ரோல் உங்கள் எஞ்சினுக்கு நல்லது என்று தெரிந்து, அதை டப்பாவில் அடைத்துப் பல மடங்கு விலைக்கு விற்கவும் தெரிகிறது, மெஷின் விற்கும்போது வாங்குகிறவரிடம் அதைச் சொல்ல மட்டும் தெரியவில்லை.

தொழில்நுட்பமும் உங்களிடம் இருக்கிறது. ஸ்டில்லின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோட்யூன் இரண்டும் கலவையைத் தாமாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கார்புரேட்டர்கள். விலை உயர்ந்த மாடல்களில் மட்டும். மற்றவற்றில் கலவையைத் திருத்தும் எச், எல் ஸ்குரூக்களுக்கு மேல் பிளாஸ்டிக் தொப்பி போட்டு, தனி வடிவ ஸ்குரூடிரைவர் இல்லாமல் திருப்ப முடியாதபடி பூட்டியிருக்கிறீர்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிக்காகச் செய்தது, சரி, அதற்கு உங்களைத் திட்ட முடியாது. ஆனால் ஸ்குரூவையும் பூட்டிவிட்டு, பம்பில் வருகிற கலவையும் 10லிருந்து 20க்குப் போய்விட்டால், நடுவில் நிற்கிற மனிதர் எதைத்தான் திருப்புவார்?

போய்க்கொண்டுதான் இருக்கிறது. இந்தியா 2025இல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. பிரேசில் அதே வருடம் ஆகஸ்டில் 27லிருந்து 30க்குப் போனது. பிரிட்டன் 2021 செப்டம்பரில்தான் 10க்கு வந்தது, விலை கூடிய ரகத்தில் 5 சதவீதத்தை விட்டுவைத்திருக்கிறது. நாட்டுக்கு நாடு வேறு, திசை மட்டும் ஒன்றே. உங்கள் கையேடுகளில் பெரும்பாலானவையோ இன்னும் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கின்றன. 10 சதவீதம் கிடைக்கவே கிடைக்காத இடத்தில் அந்த வரிக்கு என்ன அர்த்தம்? வாங்கிய அன்றைக்கே, முதல் முறை டேங்க் நிரப்பியதுமே, வாரண்டி போய்விட்டது என்று அர்த்தமா? அப்படியானால் விற்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லை, எழுதியது பழைய வரி, மெஷின் தாங்கும் என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். பிரேசிலில் இத்தனை வருடமாக இதைவிட அதிகமான கலவையில் சிறு எஞ்சின்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆகவே செய்யவே முடியாது என்ற பேச்சை என்னிடம் சொல்லாதீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மலிவு மாடலிலும் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் பெட்ரோலைத் திறந்து மூட ஒரு டேப் வையுங்கள். வேலை முடிந்ததும் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் ஃப்ளோட் சேம்பரில் இருப்பது பெரும்பாலும் எரிந்துவிடும். பெரும்பாலும்தான், முழுக்க அல்ல. ஜெட்டுக்குக் கீழே கொஞ்சம் தேங்கி நிற்கும், பிசினாக மாறுவது அந்தக் கொஞ்சம்தான். அதனால் சேம்பரின் அடியில் வடிகால் ஸ்குரூவும் வேண்டும், அதுவும் ஏர் ஃபில்டரையும் பாதி பாடியையும் கழற்றினால்தான் கை போகும் என்கிற இடத்தில் இல்லாமல், நின்ற வாக்கில் ஒரு ஸ்பானர் வைக்கிற இடத்தில். இப்போது சில மாடல்களில் அந்த ஸ்குரூ இருக்கிறது, அதன் நேர் கீழே ஃபிரேம் கம்பி குறுக்கே போகிறது. வரைந்தவர் ஒருமுறையாவது அதைக் கழற்றிப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

ரப்பருக்கு வருகிறேன். சாதாரண நைட்ரைல் குழாய் எத்தனாலில் ஊறி, காய்ந்து, ஊறி, காய்ந்து, கடைசியில் கையில் எடுத்தால் மக்ரோனி மாதிரி முறிகிறது. பெட்ரோலை ஏற்ற விரலால் அமுக்கும் பிரைமர் பல்ப் பிசுபிசுத்து விரலில் ஒட்டுகிறது. டயாஃப்ரம் விறைத்துப்போய், கையில் வைத்து ஆட்டினால் சலசலக்கிறது, அது பெட்ரோலைப் பம்ப் செய்ய வேண்டிய பொருள்! ஃப்ளூரோ ரப்பர் என்ற ஒன்று, வைட்டான் என்று நாங்கள் சொல்வது, கார்களில் எப்போதோ வந்துவிட்டது. நீடில் முனைக்கும் குழாய்க்கும் அதைப் போடுவதால் உங்கள் லாபம் கரைந்துவிடாது. டயாஃப்ரம் கிட்டைத் தனியாகக் கொடுக்காமல் முழுக் கார்புரேட்டரையும் மாற்று என்று சொல்வதையும் அப்படியே நிறுத்துங்கள்.

பெட்ரோல் கம்பெனிகளோடும் அரசாங்கங்களோடும் உட்கார்ந்து பேச முடிந்தவர்களும் நீங்கள்தான், ஜெனரேட்டர் வைத்திருக்கும் தனி ஆள் அல்ல. கலவை விகிதம் ஏறும்போதெல்லாம் கார் கம்பெனிகள் வரிந்து கட்டிக்கொண்டு போய் நிற்கின்றன, உங்கள் குரல் கேட்பதில்லை. எத்தனால் கலக்காத சாதாரணப் பெட்ரோலை, அல்கைலேட் அளவுக்கு உயர்ந்ததெல்லாம் வேண்டாம், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் சீல் வைத்த கேனில் நியாயமான விலைக்கு விற்க வழி செய்யுங்கள் என்று கேளுங்கள். சின்ன எஞ்சின்கள் குடிக்கிற அளவு கார்கள் குடிப்பதற்கு முன்னால் தூசு, அதனால் எத்தனால் திட்டம் எதுவும் குலைந்துவிடப் போவதில்லை.

கடைசியாக ஒன்று, ஏற்கெனவே விற்றுவிட்ட மெஷின்கள். புது மாடலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று போய்விடாதீர்கள். ஓடிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி பழசு. ஒவ்வொரு மாடலுக்கும் எத்தனை சதவீதம் வரை தாங்கும், எந்த எண் ஜெட் போட்டிருக்கிறது, 20 சதவீதக் கலவைதான் கிடைக்கும் என்றால் எந்த எண் ஜெட் போட வேண்டும், எந்த வருடத்துக்கு முந்தையதில் குழாயை மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். உங்கள் சர்வீஸ் ஆட்களுக்கு மட்டும் தரும் ரகசியத் தாளாக இல்லாமல். அந்தப் பட்டியல் வரும் வரை நாங்கள் ஜெட் அடியில் கம்பி விட்டு, கண்ணை இடுக்கி, குத்துமதிப்பாகத்தான் வேலை பார்த்துக்கொண்டிருப்போம். சிலருக்குச் சரியாக அமையும், சிலருக்குப் பிஸ்டன் போகும்.

இப்படிக்கு,
உங்கள் கார்புரேட்டர்களைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருக்கும் ஒருவன்